கருவி பேசாதபோது: மின்வெட்டு எச்சரிக்கைக் கருவியில் பழுது தேடும் பாடம்

அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் கருவிகளில் ஒன்று மின்வெட்டு எச்சரிக்கைக் கருவி. ஓர் ஆர்டுயினோ பலகை, ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு சிம் அட்டை, ஒரு மின்கலம், ஒரு பழைய கைப்பேசி சார்ஜர் ஆகியவை இதற்குப் போதும். கரண்ட் போனதும் உரியவரின் கைப்பேசிக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் போகும். மாணவர்கள் இதை இரண்டு மூன்று நாளில் கட்டி முடித்துவிடுகிறார்கள். ஆனால் கண்காட்சி மேசையில் நன்றாக வேலை செய்த கருவி, பயன்பட வேண்டிய இடத்துக்குப் போனதும் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. ஏன் பேசவில்லை என்று தேடுவதை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஒரு பாடமாக நடத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சில பகுதிகள் மேல்நிலை இயற்பியல் வகுப்புக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் "மின்தடை" என்ற சொல் ஓம் விதியில் ஒரு பொருளையும், மின்வாரிய அறிவிப்பில் வேறொரு பொருளையும் தருகிறது. வகுப்பில் இது குழப்பும். எனவே கரண்ட் நின்றுபோவதை மின்வெட்டு என்றும், ஓம் அலகில் அளப்பதை மட்டும் மின்தடை என்றும் இங்கே வழங்குகிறேன்.

கற்றல் விளைவுகள்

• ஒரு கருவியைப் பகுதிகளாகப் பிரித்து, பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்பதைச் சோதனை மூலம் கண்டறிதல்.
• ஓம் விதியை உண்மையான மின்சுற்றில் பயன்படுத்தி மின்னழுத்த இழப்பைக் கணக்கிடுதல்.
• அளவிடும் கருவிக்கும் எல்லை உண்டு என்பதை உணர்தல்.
• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, முடிவைப் பதிவு செய்தல்.

எதற்காக இந்தக் கருவி?

எங்கள் பள்ளி கடலோரப் பகுதியில் உள்ளது. மாணவர்கள் சிலரின் பெற்றோர் இறால் பண்ணைகளில் வேலை பார்க்கிறார்கள். இறால் குளத்தில் ஏரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் நீரிலுள்ள பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. ஆனால் பாசி, இறால், நுண்ணுயிரிகள் எல்லாமே சுவாசிக்கின்றன. ஆகவே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்பு மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரை ஓடவிட ஆள் வரத் தாமதமானால் ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் போய்விடலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் குழு ஒன்று இதற்காகவே கருவியைச் செய்தது.

உங்கள் ஊரில் அது கோழிப்பண்ணையாக இருக்கலாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மருந்து வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியாக இருக்கலாம். யாருக்கு, எந்த நேரத்தில் இது தேவை என்பதை மாணவர்களே சொல்லட்டும். தேவை தெளிவானால்தான் எது பழுது என்பதும் தெளிவாகும்.

கருவியின் நான்கு பகுதிகள்

கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்து அம்புக்குறியால் இணையுங்கள்.

1. உணர்தல்: சுவரில் செருகிய 5 வோல்ட் சார்ஜர். அதன் வெளியீடு இருந்தால் கரண்ட் இருக்கிறது என்று பொருள்.
2. முடிவெடுத்தல்: ஆர்டுயினோ உனோ பலகையும் அதிலுள்ள நிரலும்.
3. பேசுதல்: ஜிஎஸ்எம் மாட்யூல் (பெரும்பாலும் சிம் 800 எல்), சிம் அட்டை, ஆண்டெனா.
4. கேட்டல்: செல்போன் கோபுரமும், செய்தியைப் பெறும் மனிதரின் கைப்பேசியும்.

இந்த நான்கில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மின்வெட்டின்போது உயிர் கொடுப்பது 3.7 வோல்ட் லித்தியம் மின்கலம்.

பாதுகாப்பு: மாணவர்கள் 230 வோல்ட் பக்கம் கைவைக்கக் கூடாது. தர முத்திரை உள்ள மூடிய சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்வெட்டைச் சோதிக்கச் சார்ஜரைச் செருகியிலிருந்து எடுத்தாலே போதும். லித்தியம் மின்கலத்தின் இரு முனைகளும் குறுக்கிணைப்பு ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புச் சுற்றுள்ள சார்ஜிங் பலகை வழியாகவே அதற்கு மின்னேற்றம் செய்ய வேண்டும்.

முதல் படி: பாதியாகப் பிரித்தல்

கருவி செய்தி அனுப்பவில்லை என்றதும் மாணவர்கள் செய்யும் முதல் வேலை, எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி செருகுவது. சில நேரம் கருவி வேலை செய்துவிடும். ஆனால் பழுது எது என்று யாருக்கும் தெரியாது. அது மறுபடி வரும். எனவே வகுப்பில் ஒரு விதி வையுங்கள்: எதைச் சோதிக்கிறோம், என்ன விடை வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை நோட்டில் எழுதிய பிறகே வயரைத் தொட வேண்டும்.

சங்கிலியின் நடுவில் முதல் சோதனையைச் செய்ய வேண்டும். கணினிக்கும் மாட்யூலுக்கும் இடையே எழுத்துகளைக் கடத்தும் சிறு நிரலை ஆர்டுயினோவில் ஏற்றுங்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் சீரியல் மானிட்டரைத் திறந்து, 9600 வேகத்தில் கையாலேயே கட்டளை கொடுத்து ஒரு கைப்பேசியை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் பேசும் பாதி சரி. பழுது உணரும் பாதியில் அல்லது நிரலில் உள்ளது. மணி அடிக்காவிட்டால் நேர்மாறு. ஒரே சோதனையில் ஐயத்துக்குரிய பகுதி பாதியாகிவிடுகிறது.

கணக்கு ஆசிரியர் இங்கே சேர்ந்துகொள்ளலாம். 8 இணைப்புகளில் ஒன்று பழுது என்றால், ஒவ்வொன்றாகத் தேடினால் 7 சோதனைகள் வரை ஆகலாம். பாதி பாதியாகப் பிரித்தால் 3 போதும், ஏனெனில் 2×2×2 = 8. இணைப்புகள் 16 ஆனால் 4 சோதனைகள்.

இரண்டாம் படி: மின்னழுத்தம்

இத்தகைய கருவிகளில் அடிக்கடி ஏமாற்றும் பகுதி இதுதான். சிம் 800 எல் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும். அலை அனுப்பும் கணத்திலோ 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனை மின்னழுத்தத்தில் அதிகம், 3.3 வோல்ட் முனை மின்னழுத்தத்திலும் மின்னோட்டத்திலும் குறைவு. ஆகவே மாட்யூலுக்கு மின்கலத்திலிருந்து தனி இணைப்பு வேண்டும்.

மெல்லிய ஜம்பர் வயர், பிரெட்போர்டின் தளர்ந்த துளைகள், சார்ஜிங் பலகை எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம்.

மின்னழுத்த இழப்பு = 2 ஆம்பியர் × 0.3 ஓம் = 0.6 வோல்ட்.

மின்கலம் முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 − 0.6 = 3.6 வோல்ட், மாட்யூல் வேலை செய்யும். மின்கலம் இறங்கி 3.7 வோல்ட்டுக்கு வந்ததும் 3.7 − 0.6 = 3.1 வோல்ட், மாட்யூல் அணைந்து மறுபடி தொடங்கும். பள்ளியில் மின்கலத்தை முழுதாக ஏற்றிச் சோதித்தபோது தேறிய கருவி, கரண்ட் போய் நெடுநேரம் ஆன பிறகு தோற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் தொலைவு. கோபுரம் அருகில் இருந்தால் மாட்யூல் மெல்லப் பேசினால் போதும். கோபுரம் தொலைவில் இருந்தால் முழுத் திறனில் கத்த வேண்டும், மின்னோட்டமும் உச்சத்துக்குப் போகும். பள்ளி மேசையும் குளத்துக் கொட்டகையும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் இந்தக் கணக்கிலேயே காணலாம்.

"மல்டிமீட்டர் 4 வோல்ட் காட்டுகிறதே!" என்று ஒரு மாணவர் கேட்பார். அது நல்ல கேள்வி. ஜிஎஸ்எம் முறையில் மாட்யூல் 4.615 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 0.577 மில்லி விநாடி மட்டுமே அலை அனுப்புகிறது. நம் மல்டிமீட்டர் விநாடிக்குச் சில முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். இவ்வளவு குறுகிய சரிவு அதில் தெரியாது. மீட்டர் பொய் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வேகம் அதற்கு இல்லை. சரிவை வேறு வழியில் பிடிக்கலாம். அழைக்கும் கணத்தில் மாட்யூலின் எல்இடி முதலிலிருந்து வேகமாகச் சிமிட்டத் தொடங்கினால், அது அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். மின்னழுத்தம் குறைவு என்ற செய்தியையும் மாட்யூல் சீரியல் மானிட்டரில் தருவதுண்டு.

காதாலும் சோதிக்கலாம். ஒலிபெருக்கியின் அருகே கைப்பேசி வைத்தால், அழைப்பு வரும் முன் "டிட்டிட்-டிட்டிட்" என்ற இரைச்சல் கேட்பதை மாணவர்கள் அறிவார்கள். விநாடிக்குச் சுமார் 217 முறை வரும் அந்த அலைத் துடிப்புகளே இரைச்சலாகின்றன. மாட்யூல் அருகே சிறிய ஒலிபெருக்கியை வைத்தால் அது அலை அனுப்புகிறதா இல்லையா என்று காதால் அறியலாம்.

தீர்வு எளிது. வயரைத் தடிமனாகவும் குட்டையாகவும் மாற்றி, பற்றவைக்க வேண்டும். மாட்யூலின் அருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சரியான முனை பார்த்து இணைக்க வேண்டும். மின்தேக்கி மட்டும் போதுமா என்று மேல்நிலை மாணவர்கள் கணக்கிடட்டும். ஒரு துடிப்புக்குத் தேவையான மின்னூட்டம் 2 × 0.000577 = 0.00115 கூலூம். மின்தேக்கி மட்டுமே அதைத் தர வேண்டுமானால் மின்னழுத்தம் 0.00115 ÷ 0.001 = 1.15 வோல்ட் சரியும். அனுமதிக்கக்கூடிய சரிவைவிட அது அதிகம். ஆகவே மின்தேக்கி உதவிக்கு நிற்கும். பளுவைத் தாங்க வேண்டியது மின்கலமும் வயரும்தான்.

மூன்றாம் படி: வலையமைப்பு

மாட்யூலின் எல்இடி ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் அது வலையமைப்பைத் தேடுகிறது. 3 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் இணைந்துவிட்டது. அடுத்து, கீழ்க்கண்ட கட்டளைகளை வரிசையாகக் கொடுக்கலாம். கணினியில் இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

• ஏடி: "ஓகே" வந்தால் மாட்யூல் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் அனுப்பும், பெறும் வயர்கள் மாறியுள்ளனவா, எதிர்முனைகள் எல்லாம் ஒன்றாக இணைந்துள்ளனவா என்று பாருங்கள்.
• ஏடி+சிபிஐஎன்?: "ரெடி" வந்தால் சிம் சரி. பின் எண் கேட்டால், சிம்மை வேறு கைப்பேசியில் இட்டுப் பூட்டை நீக்க வேண்டும்.
• ஏடி+சிஎஸ்க்யூ: 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். 10க்குக் கீழ் என்றால் அலைவலிமை குறைவு. 99 என்றால் அளக்க முடியவில்லை.
• ஏடி+சிஆர்இஜி?: இரண்டாவது எண் 1 அல்லது 5 என்றால் இணைந்துவிட்டது, 2 என்றால் தேடுகிறது, 3 என்றால் வலையமைப்பு ஏற்க மறுக்கிறது.
• ஏடிடி, அதையடுத்துக் கைப்பேசி எண், கடைசியில் அரைப்புள்ளி: அந்த எண்ணுக்கு அழைப்பு போகும்.

சிம் 800 எல் ஒரு 2ஜி மாட்யூல். ஜியோ 2016இல் 4ஜி சேவையுடன் தொடங்கியது. அதற்கு 2ஜி வலையமைப்பு கிடையாது. எனவே அந்தச் சிம் இந்த மாட்யூலில் இணையாது. அதற்கு 4ஜி மாட்யூல் வேண்டும். எந்தச் சிம்மாக இருந்தாலும் பழைய 2ஜி பட்டன் போனில் போட்டு, கருவி வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்துபோனதா, அந்த இடத்தில் 2ஜி அலை உண்டா என்ற இரண்டும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆர்டுயினோவின் அனுப்பும் முனை 5 வோல்ட் தரும். மாட்யூலின் பெறும் முனைக்கு 3 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. இரண்டு 10 கிலோ ஓம் மின்தடையாக்கிகளைத் தொடராக இணைத்து நடுவிலிருந்து எடுத்தால் 2.5 வோல்ட் கிடைக்கும். தொடரிணைப்புப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

மழைக்குப் பயந்து கருவியை இரும்புப் பெட்டிக்குள் வைப்பவர்கள் உண்டு. கடத்தியால் மூடிய அறைக்குள் அலை சரியாக நுழையாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் மாட்யூலை வைத்து மூடும் முன்னும் பின்னும் அலைவலிமை எண்ணைக் குறித்தால் வேறுபாடு தெரியும். பிளாஸ்டிக் பெட்டியே நல்லது.

நான்காம் படி: உணரும் பகுதி

சார்ஜரின் 5 வோல்ட்டை 1 கிலோ ஓம் வழியாக ஆர்டுயினோ முனைக்குக் கொடுத்து, அந்த முனையிலிருந்து எதிர்முனைக்கு ஒரு 10 கிலோ ஓம் இணைக்க வேண்டும். இந்த இரண்டாவது மின்தடையாக்கி இல்லாவிட்டால், சார்ஜர் வயர் கழன்றதும் முனை அந்தரத்தில் தொங்கும். கையை அருகில் கொண்டுபோனாலே மாறிமாறிக் காட்டும்.

சார்ஜருக்குள் ஒரு மின்தேக்கி இருக்கும். அது 470 மைக்ரோஃபாரட் எனக் கொண்டால், 11 கிலோ ஓம் வழியாக இறங்க 0.00047 × 11000, அதாவது சுமார் 5 விநாடி காலமாறிலி வரும். கரண்ட் போன சில விநாடிகள் கழித்தே கருவி உணர்வது பழுதல்ல என்பதை மாணவர்கள் இதனால் புரிந்துகொள்வர்.

கரண்ட் வந்து வந்து போகும் நேரத்தில் கருவி செய்திகளைக் கொட்டினால், நிரலில் ஒரு காத்திருப்பு வேண்டும்: நிலை மாறி 30 விநாடி அப்படியே நீடித்தால் மட்டுமே செய்தி. மறவாமல் பார்க்க வேண்டிய இன்னொன்று, சார்ஜர் செருகியுள்ள பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்பது. அப்படியானால் அந்தக் கருவிக்கு மின்வெட்டு வந்ததே தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் பேசாத இரவு

மேற்சொன்ன சோதனைகள் அனைத்திலும் மாணவர்களின் கருவி தேறியது. குளத்தின் கொட்டகையில் பொருத்தினார்கள். சில நாள் கழித்து ஓர் இரவு ஏரேட்டர்கள் நின்றன. கருவியிலிருந்து அழைப்பே இல்லை. சத்தம் நின்றதும் காவலர் தானாக விழித்து ஜெனரேட்டரை ஓடவிட்டதால் இறாலுக்குச் சேதம் இல்லை.

மாணவர்கள் முதலில் சிம்மைச் சந்தேகித்தார்கள், பிறகு மின்கலத்தை. பள்ளிக்குக் கொண்டுவந்து சோதித்தால் எல்லாம் சரி. கடைசியில் ஒரு மாணவி, "அன்று கொட்டகையில் லைட் எரிந்ததா?" என்று காவலரிடம் கேட்டுவரச் சொன்னார். எரிந்தது என்று பதில் வந்தது. விடை அதில் இருந்தது. ஏரேட்டர் மோட்டார்கள் மூன்று ஃபேஸில் ஓடுபவை. அன்று ஒரு ஃபேஸ் மட்டும் போயிருந்தது. மோட்டார்களைப் பாதுகாக்கும் ரிலே அவற்றை நிறுத்திவிட்டது. விளக்கும் சார்ஜரும் இருந்த ஃபேஸில் கரண்ட் இருந்தது. "சார்ஜருக்குக் கரண்ட் இருக்கிறதா?" என்பதே கருவியிடம் கேட்கப்பட்டிருந்த கேள்வி. அதற்குக் கருவி சரியாகவே விடை சொன்னது. குளத்துக்குத் தேவையான கேள்வி வேறு.

உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒவ்வொரு ஃபேஸிலும் ஒரு பிளக் பாயின்ட் வைத்துத் தந்தார். மூன்று சார்ஜர்களும் மூன்று முனைகளில் இணைந்தன. எந்த ஃபேஸ் போனது என்பதையும் இப்போது செய்தி சொல்கிறது.

மௌனத்துக்கு இரண்டு பொருள்

எச்சரிக்கைக் கருவி பேசாமல் இருந்தால் இரண்டில் ஒன்று: எல்லாம் நலம், அல்லது கருவி செத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழுது தேடும் திறமை எவ்வளவு இருந்தாலும், பழுது இருப்பதே தெரியாதபோது அது பயன்படாது. எனவே இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி, மௌனத்தை ஒரே பொருளுடையதாக்குவதுதான்.

அதற்கு வழி, நாள்தோறும் மாலையில் கருவியே "நலம்" என்று ஒரு செய்தி அனுப்புவது. மின்கலத்தின் மின்னழுத்தமும் அலைவலிமையும் அதில் இருக்கட்டும். செய்தி வராத நாளில் இருட்டும் முன் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் முடிவது, ஆண்டெனா கழல்வது, மின்கலம் தேய்வது ஆகிய எல்லாப் பழுதுகளும் இந்த ஒரே ஏற்பாட்டில் பிடிபடும். தமிழ் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான். ஆங்கில எழுத்தில் 160. செய்தியைச் சுருக்கமாக எழுதுவதும் ஒரு மொழிப் பயிற்சியே.

கேட்கும் முனையையும் சோதிக்க வேண்டும். இரவில் கைப்பேசி ஒலியின்றி இருந்தால் குறுஞ்செய்தி விடியும்வரை கிடக்கும். முதலில் அழைப்பு, பிறகு செய்தி, இரண்டு பேருக்கு என்று வைப்பது நல்லது. நீண்ட மின்வெட்டில் கோபுரமே அணைந்துபோகலாம். ஆகவே மாணவர் செய்த கருவி காவலருக்குத் துணையாக இருக்கலாமே தவிர, அவர் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதைப் பண்ணையாருக்கும் பெற்றோருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வகுப்பறையில் நடத்தும் முறை

நான்கு பாடவேளைகள் போதும். முதல் பாடவேளையில் தேவையும் கட்டப் படமும். இரண்டாவதில் மின்னழுத்தக் கணக்குகளும் அளவீடும். மூன்றாவதில் பழுது வைத்த கருவி: ஒரு குழு வெளியே இருக்கும்போது மற்றொரு குழு ஒரே ஒரு பழுதை வைக்கும் (நீண்ட மெல்லிய வயர், கழற்றிய 10 கிலோ ஓம், பூட்டிய சிம், டிபன் பாக்ஸ்). வெளியே இருந்த குழு வந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்காவதில் கருவி வைக்கும் இடத்துக்கு நேரில் சென்று பார்த்தல்.

பழுதுப் பதிவேட்டில் ஐந்து பத்திகள்: அறிகுறி, ஊகம், சோதனை, எதிர்பார்த்தது, கிடைத்தது. மதிப்பெண்ணைப் பழுதைக் கண்டுபிடித்த வேகத்துக்குத் தராமல், ஐந்து பத்திகளும் நிரம்பியிருப்பதற்குத் தாருங்கள். தவறிய ஊகத்தை அடித்துவிடாமல் அப்படியே வைத்திருப்பவருக்கு முழு மதிப்பெண்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வயரின் மின்தடையை 0.3 ஓமிலிருந்து 0.1 ஓமாகக் குறைத்தால், 3.7 வோல்ட் மின்கலத்தில் மாட்யூலுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் எவ்வளவு? அது வேலை செய்யுமா? (3.5 வோல்ட், செய்யும்.)
2. கருவி சராசரியாக 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், 2000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும்? (சுமார் 20 மணி நேரம், மின்கலம் பழையதானால் குறையும்.)
3. கையால் அழைத்தால் மணி அடிக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் செய்தி போகவில்லை. பழுது எந்தப் பாதியில்? அடுத்த சோதனை என்ன?
4. மூன்று ஃபேஸிலும் கரண்ட் இருந்தும் ஏரேட்டர் நின்றுபோகலாம். எப்படி? அதை உணர என்ன செய்யலாம்?

நான்காவது வினாவுக்கு ஒரே விடை இல்லை. எங்கள் மாணவர்கள் இப்போது அதில்தான் இருக்கிறார்கள்: மோட்டார் சுழல்வதையே உணர்வதா, நீர் தெறிப்பதை உணர்வதா என்று இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள்.